துடிப்பு நின்ற குரல்கள்

கோயம்புத்தூரில் அப்போது செவிச்சில்லு இல்லாத காதே இல்லை. இரைச்சலை அடைத்து, பேச்சை மட்டும் தெளிவாக்கித் தரும் அந்தக் கருவிக்கு அரை நாளில் சார்ஜ் தீர்ந்துவிடும். அதை மூன்று மாதம் ஓட வைத்தவர் பரஞ்சோதி.

சில்லின் ஒவ்வொரு பகுதியையும் இயக்குவது ஒரு துடிப்பு. துடிப்பை நிறுத்தினால் அந்தப் பகுதி மின்சாரம் குடிக்காது. ஒரு குரலைக் கேட்டு அணிந்தவரின் நாடி நாற்பது நாளாகத் துள்ளவில்லை, தலை திரும்பவில்லை என்றால், அந்தக் குரலுக்கு மட்டும் துடிப்பை நிறுத்தினார் பரஞ்சோதி. மனிதப் பேச்சில் முக்கால்வாசி குப்பை என்பது அவர் சித்தாந்தம். அடைத்த குரலை அவ்வப்போது எட்டிப் பார்க்க ஒரு விழிப்புச் சுற்று இருந்தது. அதுவும் மின்சாரம் தின்கிறதென்று வெட்டியெறிந்தார்.

“ஒருக்கா அடைச்ச குரல் அப்புறம் திறக்காதுங்க சார். ஏதாச்சும் அவசரம்னா?” என்றாள் சோதனைப் பிரிவின் பெனாசிர்.

“நாப்பது நாளா யாரும் மதிக்காத குரல்ல என்னம்மா அவசரம்? உன் மூளையை நிறுத்தினா இன்னும் மிச்சமாகும்.”

அறையே சிரித்தது.

ஊரெங்கும் மாமியார்களும் வாத்தியார்களும் கவுன்சிலர்களும் ஓசையில்லாமல் அடங்கினார்கள். ஒருவரும் புகார் செய்யவில்லை. சார்ஜ் நிற்கிறதே, வேறென்ன வேண்டும்? பரஞ்சோதியின் மனைவி சுகந்தாவும் அமைதியாகிவிட்டாள். ஒருவழியாக அடக்கம் வந்துவிட்டதென்று அவர் மெச்சிக்கொண்டார்.

ஒரு காலையில் அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். வாய் அசைந்தது; ஒன்றும் கேட்கவில்லை. செவிச்சில்லைப் பிடுங்கினார்.

“…மார்ல கட்டின்னு ரெண்டு மாசமாச் சொல்றனுங்க. இன்னிக்கு ஆபரேசன். அண்ணன்கூடவே போய்க்கறேன்.”

அவளை ஏற்றிக்கொண்டு ஆட்டோ போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய மனிதர் சில்லு இல்லாத காதோடு அலுவலகத்துக்கு ஓடினார். செய்த தப்பைத் திருத்தாமல் அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அங்கே, இரண்டு கோடி புதிய சில்லுகளுக்கு ஒப்புதல் தரும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

“நிறுத்துங்க! விழிப்புச் சுற்றைத் திரும்ப வைக்கணும்!” என்று கத்தினார்.

யாரும் திரும்பவில்லை. ஒரே பெருமையை வருடக்கணக்கில் அளந்தவரின் பேச்சுக்கு அந்த அறையில் எந்த நாடியும் துள்ளி வெகுநாளாகியிருந்தது. பெனாசிர் மட்டும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தினமும் அவரிடம் திட்டு வாங்கிப் படபடத்தவள் அவள் ஒருத்திதான்.

“பெனாசிர், நீயாவது சொல்லும்மா!”

“என் குரலை இவங்கெல்லாம் எப்பவோ அடைச்சுட்டாங்க சார். நீங்களுந்தான்.”

மேலாளர் நாச்சியப்பன் கோப்பில் கையெழுத்திட்டார். “யாருக்கும் ஆட்சேபணை இல்லைங்களே?”

பரஞ்சோதி இரு கைகளையும் தலைக்கு மேலே வீசினார்.

“பாருங்க, சாருக்கு என்ன ஒரு சந்தோஷம்!” என்றார் நாச்சியப்பன்.

எல்லோரும் கைதட்டினார்கள்.