எதிரி கையில் சுடாத பீரங்கி

"எங்கப்பா கோழையா இல்லையான்னு நாளைக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்மா."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள் அந்தப் பெண். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சொன்னது எக்ஸ்ரே அம்மாவிடம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர் அவர். உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் யாரும் அவரிடம் பொய் சொல்வதில்லை.

"முதல்ல உட்காரு. அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்."

அதற்குள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் அவருடைய நாத்தனார், அழகு நிலையம் நடத்துகிறவள். "பாதி முகத்துக்குப் பூச்சு போட்ட ஆளை அப்படியே உட்கார வெச்சுட்டு வந்திருக்கேன், அண்ணி. என்ன கேஸு?"

அந்தப் பெண் சொன்னாள். அவளுடைய அப்பா பீரங்கிப் படையில் இருந்தவர். பழைய போரில் எதிரிகள் அவருடைய பீரங்கியைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட இருந்தவர்கள் எல்லோரும் அங்கேயே விழுந்தார்கள். அப்பா மட்டும் பின்னால் இருந்த ஏரிக்கரையில் கிடந்தார். தலையில் அடி, இடுப்புவரை ஈரம், உள்ளங்கையெல்லாம் தீப்புண். அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை.

"நாளைக்குப் படையோட ஆண்டு விழா. பீரங்கியைக் கைவிடாதவங்கன்னு ஒரு பலகை திறக்கிறாங்க. அதுல அப்பா பேர் இல்ல. 'நான் ஓடித்தான் போயிருப்பேன்'னு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கார். சோறு இறங்கல."

"அவர் கையைப் பார்க்கணும்," என்றார் எக்ஸ்ரே அம்மா.

பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளிலும் விரல் நுனி வரைக்கும் தழும்பு. கிழவர் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேரே படையின் அருங்காட்சிக் கூடம். படை வரலாற்றை எழுதிய ஓய்வு பெற்ற மேஜர்தான் அங்கே பொறுப்பு. அவருக்கு முன்னால் வந்து நின்றது அவருடைய மீசை.

"மத்த படைக்கெல்லாம் துணியில கொடி. எங்களுக்குப் பீரங்கியேதான் கொடி," என்று நடுவில் நின்ற பீரங்கியைத் தடவினார். "அன்னிக்குப் பறிகொடுத்தது இதுதான். ரெண்டே நாள்ல மீட்டுட்டோம். நானும் போயிருந்தேன்."

சுவரில் படையின் சின்னம், பெரிய பித்தளைத் தகட்டில். நாத்தனார் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இதென்ன, பீரங்கி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது? கோபமா?"

மேஜர் சிரித்துவிட்டார். "முன்பக்கம் எதிரி பார்க்கறதும்மா. நாங்க பின்னாடி நிக்கறவங்க, எங்களுக்குத் தெரியறது இதுதான். குண்டு போட்டதும் பின்வாயை மூடுற இரும்புக் கட்டை இருக்கு பாருங்க, கதவு மாதிரி. படைக்குப் புதுசா எந்தப் பீரங்கி வந்தாலும் அந்தக் கட்டையில இந்தச் சின்னத்தைப் பொறிப்போம். அப்பத்தான் அது எங்க வீட்டுப் பிள்ளை."

"ரெண்டு நாள் எதிரி இதை வெச்சு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல! பக்கத்துலயே பெட்டி பெட்டியா குண்டு. நாங்களோ எதிர்ல. ஒரு தடவைகூடச் சுடலையே! சுடத் தெரியாத பசங்க."

நாத்தனார் குனிந்து பீரங்கியின் பின்கட்டையில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "என்ன வழவழப்பு அண்ணி! என் கடைக் கண்ணாடி தோத்துது போங்க."

எக்ஸ்ரே அம்மா அவளையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். "நாளைக்கு விழாவுக்கு முன்னாடி, பலகைக்குப் பேர் முடிவு பண்ணின உங்க குழுவை இங்க வரச் சொல்லுங்க. அதுல பேர் இல்லாத அந்தப் பெரியவரும் வருவார்."

மறுநாள் காலை குழுவினர் கூடியிருந்தார்கள். கிழவரும் மகளோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "அடம்பிடிக்கிற பிள்ளைங்களையே தினம் வண்டியில ஏத்தறேன். இவர் எம்மாத்திரம்!" என்றாள் மகள்.

"மேஜர் சார், குண்டு இருந்தும் எதிரி ஏன் சுடல?" என்று ஆரம்பித்தார் எக்ஸ்ரே அம்மா.

"அதான் சொன்னேனே..."

"சுடத் தெரியாதவனா உங்களை அந்தப் பாடு படுத்தினான்? சுட முடியல. அதுக்குக் கதவு இல்ல. இப்ப இருக்கிற கட்டையைத் தடவிப் பாருங்க. என் நாத்தனார் முகம் பார்த்தாளே, அந்த வழவழப்புல உங்க சின்னம் எங்கே?"

மேஜர் தடவிப் பார்க்கவில்லை. "மீட்டப்பவே கட்டை இல்லம்மா. கொடி மூளியா நிக்கக்கூடாதுன்னு கிடங்குல இருந்து வேற எடுத்து நான்தான் மாட்டச் சொன்னேன். எதிரி கொண்டுபோயிட்டான்னு நினைச்சேன்."

"சுட ஆசைப்படறவன் கதவைக் கழட்டி எறிவானா? பீரங்கியை விட்டுட்டுப் போக வேண்டி வந்தா என்ன செய்யணும்னு உங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுப்பீங்க?"

"கட்டையைக் கழட்டி ஒளிச்சிடணும்," என்றார் மேஜர். குரல் அடங்கிவிட்டது. "எங்க கொடி எங்களையே சுடக்கூடாது."

"கிழிசல் தெரியக்கூடாதுன்னு பாசத்துல கொடியைத் தைச்சீங்க. சாட்சி அந்தக் கிழிசல்தான் சார்." எக்ஸ்ரே அம்மா கிழவரின் கைகளை மெல்லத் திருப்பிக் காட்டினார். "சூட்டைத் தெரியாமத் தொட்டவன் கையை உதறிடுவான். அவனுக்கு விரல் நுனியோட போயிடும். சுட்டுச் சுட்டுக் காய்ஞ்ச இரும்பை ரெண்டு கையாலயும் தூக்கி, கீழே போடாம ஏரி வரைக்கும் போனவனுக்குத்தான் இப்படி வரும். உயிர் தப்ப ஓடறவன் எதுக்கு அரை மூட்டை சிமென்ட் கனத்தைச் சுமப்பான்? இடுப்புத் தண்ணியில இறங்கிப் போட்டுட்டுக் கரையேறினப்பதான் தலையில அடி பட்டிருக்கணும்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். கண்மை கன்னம் வரை வந்திருந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கிழவர் தன் கைகளையே யாருடையவையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் ஓடலையாம்மா?"

"ஓடினீங்கப்பா," என்றாள் மகள். "அதைத் தூக்கிக்கிட்டு ஓடினீங்க."

மேஜர் வந்து கிழவரின் நாற்காலியருகே தரையில் மண்டியிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

கிழவர் அவரைத்தான் கேட்டார்: "ரொம்பக் கனமா இருந்திருக்கும், இல்ல?"

"ஆமாண்ணே," என்றார் மேஜர். "ரொம்பக் கனம்."