பாக்கெட்டுக்கு ஏது வயசு

காலை மணி பத்து இருபது.

குழந்தைகள் வார்டில் டாக்டர் கொடுத்த கண்ணாடிக் குப்பியை எஸ்.ஐ. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே ஓர் ஊசித் துண்டு. கட்டைவிரல் நகத்தின் நீளம்கூட வராது. மூன்று வயதுப் பெண் குழந்தையின் முதுகில் இடுப்புக்குச் சற்று மேலேயிருந்து அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் அதை எடுத்திருந்தார்கள்.

கட்டிலோரம் குழந்தையின் அம்மா மஞ்சள் கவுன் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம், மேல்சட்டையும் பாவாடைச் சுருக்கமும் சேரும் தையலுக்கு மேலே உளுந்து அளவில் ஒரு கறுத்த கறை.

"ரெண்டு நாளா தூக்கினாலே கத்தினா மேடம். இந்தக் கவுன் வேணாம்னு இழுத்து இழுத்துப் போட்டா. புதுசு போட்டா அடம் பிடிக்கிறாளேன்னு ஒண்ணு வச்சேன்." அவள் கறையைக் கட்டைவிரலால் மூடினாள். "முதுகுலதான் வச்சேன்."

எஸ்.ஐ. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் ரத்தம் பார்த்துப் பழகியவர். உளுந்து அளவு கறையைப் பார்க்க முடியவில்லை.

"எங்க வாங்கினீங்க?"

"டேப் அக்கா கடைல. கையால பாத்துப் பாத்து தைப்பாங்கன்னுதான் அங்க போறது. இந்தத் தடவ அளவே சரியில்ல. நீளம் கரெக்டா இருந்துச்சு. கழுத்து மட்டும் தோள விட்டு வழிஞ்சிட்டே இருந்துச்சு. அக்குள்ல பனியன் தெரிஞ்சுது."

எஸ்.ஐ. அதையும் குறித்துக்கொண்டார். போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"மூணு மணிக்குள்ள யாருன்னு சொல்லுங்க. இல்லாட்டி தச்சவளக் கூட்டிட்டு வந்துட்டு கடைக்கு சீல் வச்சிருங்க."

மணி பதினொன்று ஐந்து.

கடை என்பது முன்னால் ஒரு கவுன்ட்டர், பின்னால் ஒரு தையல் அறை, அவ்வளவுதான். கவுன்ட்டரில் இருந்தவளைச் சின்னவள் என்பார்கள். கடைக்காரியின் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. விற்பதும், கழுத்தில் கடைப் பெயர் லேபிளை வைத்துப் பொட்டலம் கட்டுவதும் அவள் பொறுப்பு. அவளுடைய மகள், அதே மூன்று வயது, கவுன்ட்டர் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதே மஞ்சள் கவுன். இரண்டு கையையும் இரண்டு பாக்கெட்டில் மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி போலீஸைப் பார்த்தாள்.

உள்ளே டேப் அக்கா தையல் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கழுத்தில் அளவு டேப். தூங்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று தெருவில் கேலி செய்வார்கள். மூலையில் முக்காலியில் காஜா அக்கா. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று கைவேலை முழுக்க அவளுடையது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டிருந்தாள்.

யாரும் கேட்கும் முன்பே காஜா அக்கா எழுந்தாள்.

"நானாத்தான் இருக்கும் மேடம். கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஊசிய எங்கயாச்சும் விட்டிருப்பேன். எழுதிக்கோங்க. டேப்போட கடைய மட்டும் மூடிராதீங்க."

"உக்காருங்க." எஸ்.ஐ. குப்பியை நீட்டினார். "இது உங்க ஊசியா?"

காஜா அக்கா குப்பியை மூக்கு நுனிக்குக் கொண்டுபோனாள். திருப்பினாள். அவள் முகத்தில் பயம் போய் ஒரு தொழில்காரியின் எரிச்சல் வந்தது.

"இது எப்படி என்னோடதாகும்? இதுக்குக் கண்ணு மூக்குல இருக்கே."

எஸ்.ஐ.யோடு வந்திருந்த ஏட்டுக்குப் புரியவில்லை. அவர் கேட்காமலே அவள் விளக்கினாள். கை ஊசிக்கு நூல் கோக்கும் கண் வால் பக்கம் இருக்கும். கூர் முனை முன்னால் போகும், நூல் பின்னால் வரும். மிஷின் ஊசியைத் தலைகீழாக மாட்டுகிறோம். அது துணிக்குள் இறங்கி, கீழே சுற்றும் பாபின் நூலைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அதனால் கண் கூர் முனையை ஒட்டியே இருக்கும். குப்பியில் இருந்த துண்டில் முனைக்குப் பக்கத்திலேயே கண்.

"அப்ப மிஷின் ஊசி," என்றார் எஸ்.ஐ. "இங்க மிஷின்ல தைக்கிறது யாரு?"

காஜா அக்கா வாயை மூடிக்கொண்டாள். தன்னைக் காப்பாற்றிக்கொண்டு டேப்பை மாட்டிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் மட்டும்தான்," என்றாள் டேப் அக்கா.

அவள் சுவரிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். உடைந்த ஊசிகள். ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக, செலோடேப்பில், பக்கத்தில் தேதி. "ஊசி உடைஞ்சா ரெண்டு துண்டும் கிடைக்கிற வரைக்கும் அடுத்த ஊசிய மாட்ட மாட்டேன். கிடைக்கலன்னா தச்ச துணி அடுப்புக்குத்தான். குழந்தைங்க துணி மேடம்."

"ஒட்டினதத்தான் நாம பாக்குறோம்," என்றார் ஏட்டு. "ஒட்டாதத யாரு பாத்தா?"

வாசலில் தேன் தடவிய குரல் கேட்டது.

"அக்காவ ரொம்ப மிரட்டாதீங்க மேடம்," என்றாள் சின்னவள். "பாவம், ஒத்தக் கையா எவ்வளவுதான் பாப்பாங்க? அசதில ஒரு தடவ கவனிக்காம விட்டிருக்கலாம். வேணும்னா செஞ்சிருப்பாங்க?"

காப்பாற்றுவதுபோலக் கழுத்தில் கயிறு போடும் பேச்சு. எஸ்.ஐ. அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

மணி பதினொன்று நாற்பது.

சுவர் முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய பேட்டர்ன் தொங்கியது: முன்பக்கம், முதுகு, கை, பாவாடை. துணியை இப்படித்தான் வெட்ட வேண்டும் என்று காகிதம் சொல்லும், கத்திரிக்கோல் கேட்கும். எல்லாவற்றிலும் வயது எழுதியிருந்தது. ஒரு வயசு, ரெண்டு வயசு, மூணு வயசு. எல்லாம் இஸ்திரி போட்டதுபோல நேராகத் தொங்கின, ஒரு கட்டைத் தவிர.

"ரெண்டு வயசுல மட்டும் ஏன் நாலா மடிச்ச கோடு?"

டேப் அக்கா அருகில் வந்து பார்த்தாள். நிஜமாகவே திகைத்தாள். "நான் மடிக்கவே மாட்டேன். மடிப்பு அளவத் தின்னுடும். அதுக்குத்தான கொக்கி."

எஸ்.ஐ. கறை படிந்த கவுனை மேஜையில் விரித்து டேப்பை வைத்தார். நீளம் ஐம்பத்து நாலு சென்டிமீட்டர். மூன்று வயதுப் பேட்டர்னிலும் தைத்து முடித்த நீளம் ஐம்பத்து நாலு என்றே எழுதியிருந்தது. லேபிள் இந்தக் கடையுடையது. துணி இந்தக் கடையில் வாங்கும் துணி. எல்லாம் பொருந்தியது. மணி பன்னிரண்டை நெருங்கியது.

அப்போது கொக்கி வரிசையின் கடைசியில் ஓர் அட்டை கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலம், கீழே வளைவு, ஓரமெல்லாம் தேய்ந்து அழுக்கேறியிருந்தது.

"இது என்ன? இதுல மட்டும் வயசு எழுதலயே?"

"பாக்கெட் அட்டை," என்றாள் டேப் அக்கா. "பாக்கெட்டுக்கு ஏது வயசு மேடம்? ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் அதே எட்டு சென்டிமீட்டர்தான். கல்லு, மிட்டாய் பேப்பர், செத்த பூச்சின்னு அதுங்க போடுற சாமான் எந்த வயசுலயும் ஒண்ணுதான். துணியில இந்த அட்டைய வச்சுத்தான் வரைவேன். எங்க வைக்கணும்ங்கிற இடம் தெரிய ஒவ்வொரு பாவாடைப் பேப்பர்லயும் இதச் சுத்தி ஒரு கோடு போட்டிருப்பேன்."

எஸ்.ஐ. அட்டையைக் கறை படிந்த கவுனின் பாக்கெட் மேல் வைத்தார். அட்டையைச் சுற்றிலும் மஞ்சள் துணி எட்டிப் பார்த்தது. டேப் வைத்தார்.

ஒன்பது.

டேப் அக்கா குனிந்து இன்னொரு முறை அளந்தாள். பிறகு கழுத்தை அளந்தாள். கை வைக்கும் குழியை அளந்தாள். அவள் விரல் வேகம் பிடித்தது.

"இது என் கவுன் இல்ல."

"ரெண்டு வயசு கவுன் நீளம் என்ன?"

"நாப்பத்தெட்டு."

"எட்டு, ஒம்பதாச்சு. நாப்பத்தெட்டு, ஐம்பத்தி நாலாச்சு. ரெண்டும் ஒரே கணக்கு," என்றார் எஸ்.ஐ. "ரெண்டு வயசுப் பேப்பர மடிச்சு எடுத்துட்டுப் போயி, ஜெராக்ஸ் மிஷின்ல பாகம் பாகமா வச்சு, நீளம் மூணு வயசுக்கு வர்ற அளவுக்குப் பெருசு பண்ணியிருக்காங்க. மிஷின் நீளத்த மட்டும் பெருசு பண்ணாது. பேப்பர்ல இருந்த பாக்கெட் கோட்டையும் சேத்துப் பெருசாக்கிருச்சு."

டேப் அக்காவுக்குக் கோபத்திலும் விளக்கம்தான் வந்தது. "மூணு வயசுப் பிள்ளங்கிறது ரெண்டு வயசுப் பிள்ளயோட ஜெராக்ஸா மேடம்? பிள்ளைங்க உசரம்தான் போடும். கழுத்து நூலளவுதான் ஏறும். எல்லாத்தையும் ஒண்ணா ஊதினா கழுத்து வழியத்தான செய்யும். மூணு வயசுப் பேட்டர்ன் பக்கத்துக் கொக்கியிலயே தொங்குது. அதக்கூட பாக்கத் தெரியாதவங்க யாரு?"

"ஒரு நாள் அது கொக்கில இல்லியே டேப்பு," என்றாள் காஜா அக்கா மெதுவாக. "மூணு வாரம் முன்னால, அது உன் மேஜை மேல இருந்துச்சு. நீ வேற பிள்ளைக்குத் தச்சிட்டிருந்தே, சின்னவ கொக்கியோரமே நின்னுட்டிருந்தா. அதுக்கப்புறம் போன வாரம்தான் தன் பாப்பாவுக்கு உடனே ஒரு கவுன் வேணும்னு நின்ன எடத்துல நின்னாளே."

வாசலில் நின்ற சின்னவளின் முகத்தில் தேன் வற்றியிருந்தது.

மணி பன்னிரண்டு பத்து.

"ஆமா, நகல் எடுத்தேன்," என்றாள் சின்னவள். "அது கொலக்குத்தமா? அக்கா மாசத்துக்குப் பத்து கவுனுக்கு மேல தைக்க மாட்டாங்க. வாசல்ல வந்து கேக்குறது நாப்பது பேரு. நாப்பது பேரையும் நான்தான திருப்பி அனுப்பணும்? வெளில ஒரு அம்மாகிட்ட கொடுத்து நாப்பது கவுன் தச்சு வீட்ல வச்சிருந்தேன். லேபிள் வச்சேன். ஊசி உடைஞ்சது எனக்கு எப்படித் தெரியும்? தச்சவளக் கேளுங்க."

"கேப்போம்." எஸ்.ஐ. கவுன்ட்டர் பக்கம் நடந்தார். குழந்தை இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "பாப்பா, கைய எடு தங்கம். உன் பாக்கெட்ல என்ன வச்சிருக்கேன்னு பாக்கலாமா?"

குழந்தை ஒரு பட்டனை எடுத்துக் காட்டினாள். எஸ்.ஐ. அழுக்கு அட்டையை அந்தப் பாக்கெட் மேல் வைத்தார். மயிரிழை மிச்சமில்லாமல் பொருந்தியது.

"எட்டு," என்றார். "உன் வீட்ல நாப்பது கவுன் இருந்துச்சு. இதே நிறம், இதே அளவுன்னு நீயே லேபிள் வச்சது. உன் பொண்ணுக்கு அதுல ஒண்ண எடுத்துப் போட வேண்டியதுதான? அக்காகிட்ட நின்ன எடத்துல நின்னு ஏன் தச்சு வாங்கின?"

சின்னவள் மகளின் பாக்கெட்டிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"தச்ச அம்மா உங்கிட்ட சொல்லிட்டாங்க. ஊசி உடைஞ்சுது, முனை கிடைக்கல, எந்தக் கவுன்லன்னு தெரியலன்னு. சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னா." குரல் தரையைப் பார்த்து வந்தது. "தடவிப் பாத்தேன் மேடம். சுருக்கத்துக்குள்ள தட்டுப்படல. ஒண்ணுக்காக நாப்பதையும் எரிக்கச் சொல்றீங்களா? நாப்பதுல ஒண்ணுதான. யாருக்குப் போகும்னு எனக்கென்ன தெரியும்?"

எஸ்.ஐ. கொலைகாரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். இந்தப் பெண் சாய்ந்திருந்த கவுன்ட்டரில் கை வைக்க அவருக்குக் கூசியது.

"யாருக்குப் போகும்னு தெரியாது," என்றார். "யாருக்குப் போகக் கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு."

ஏட்டு சின்னவளை ஜீப்புக்குக் கூட்டிப்போனார். காஜா அக்கா, கொஞ்ச நேரம் முன்னால் தான் செய்யாத தப்பை எழுதிக்கொள்ளச் சொன்னவள், குழாயில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எஸ்.ஐ. இன்ஸ்பெக்டருக்கு ஒரே வரி சொன்னார்: கடைக்கு சீல் தேவையில்லை. பிறகு அவரும் குழாய்க்குப் போனார்.

திரும்பி வந்தபோது டேப் அக்கா கவுன்ட்டர் முன்னால் மண்டியிட்டிருந்தாள். கொழுந்தன் மகளின் மஞ்சள் கவுனைக் கழுத்திலிருந்து தொடங்கி, தையல் தையலாக, இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கி நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் கிச்சுகிச்சு தாங்கவில்லை.

"அது நீங்க தச்சதுதான அக்கா," என்றார் எஸ்.ஐ.

"ஆமா," என்றாள் டேப் அக்கா. விளிம்பு வரை வந்த விரல்கள் மறுபடியும் கழுத்துக்குப் போயின.