முன்செவி அணைந்த கச்சேரி

முன்செவி தடுமாறி இலக்கியா அதுவரை கேட்டதே இல்லை.

மேடையில் ஜெரால்டு, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவைத் தோளில் வைத்து முதல் சுரத்தை இழுத்தான். இலக்கியாவின் காதுக்குள் இருந்த முன்செவி என்ற கடுகு அளவுக் கருவி அதை ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அடுத்து வர வேண்டிய இனிமையான சுரத்தை முந்திக்கொண்டு கொடுத்தது. ஜெரால்டின் வில் அங்கே போகவில்லை. கருவி வேறு மெட்டைப் பிடித்தது. அதுவும் பொருந்தவில்லை. பின்னால் இருந்த வாத்தியக் குழு பதிலே சொல்லாமல் காத்திருந்தது. பிறகு ஒரே ஒரு முரசடி, யாரும் எதிர்பாராத இடத்தில் விழுந்தது. அரங்கத்தில் பலர் ஒரே நேரத்தில் காதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"கணிப்பு நிறுத்தப்படுகிறது" என்றது முன்செவி. பிறகு அணைந்துவிட்டது.

சென்னையின் இரைச்சலில் பாதிப் பேருக்குக் காது மந்தமான பிறகு வந்த கருவி அது. எதிரில் இருப்பவர் வாய் திறந்ததும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கணித்து, விடுபட்ட சொற்களை அவருடைய குரலிலேயே நிரப்பிக் கொடுக்கும். கூடவே வாழ்கிறவர்கள் என்றால் கணிப்பு இன்னும் துல்லியம். காதில் விழுந்ததும் கணித்ததும் மாறுபட்டால் அது கணிப்பைத்தான் நம்பும். இரைச்சலில் காது தவறாகக் கேட்டிருக்கலாம் அல்லவா? நன்றாகக் காது கேட்பவர்களும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மின்ரயில் நெரிசலில்கூட யாரும் குரலை உயர்த்தத் தேவையில்லாமல் போயிற்று.

இப்போது அது இல்லாமல் வயோலா கேட்டது. வயலினைவிடத் தாழ்ந்த, கொஞ்சம் கம்மிய குரல். அழகாக இருக்க வேண்டும் என்று அது மெனக்கெடவே இல்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கும், பாதியில் மனம் மாறும், முற்றிலும் வேறு இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். குழு அதை அமுக்கப் பார்த்தது. பித்தளை வாத்தியங்கள் எழுந்தபோது வயோலா காணாமலே போனது. அவை ஓய்ந்த பிறகு பார்த்தால் அது அடியில் அப்படியே பேசிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன வரும் என்று இலக்கியாவால் ஒரு நொடிகூடச் சொல்ல முடியவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு தன்னை அறியாமல் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள்.

பக்கத்தில் கணவன் செழியனின் மூச்சுச் சத்தம் கேட்டது. லேசான இழுப்பு. இது எப்போதிலிருந்து?

அவன் சாய்ந்து, "பயமா இருக்கு. ஆனா முடியவே கூடாதுன்னும் இருக்கு," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அவன் பேசுவதெல்லாம் நான்கைந்து வாக்கியங்கள்தான். சாப்பிட்டியா, ஏசியை அணைச்சியா, நாளைக்கு லேட்டாகும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் போன மாதம் ஒரு மாலை, பால்கனியில், கீழே மேம்பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தபோது, அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் கோயம்புத்தூர் போயிடுறேன் செழியன். இனிமே சேர்ந்து இருக்க வேண்டாம்."

அவன், "சரி, பத்திரமா போ," என்றான். முகத்தில் சலனமே இல்லை. அந்த அமைதிதான் அவளை உடைத்தது. அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜெரால்டு அவனுடைய கல்லூரி நண்பன் என்பதால், சேர்ந்து போகும் கடைசி இடமாக இது இருக்கட்டும் என்றுதான் இன்று வந்தாள்.

கடைசிச் சுரம் எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. வில் கீழே இறங்கிய பிறகும் அரங்கம் காத்திருந்தது. பிறகு கைதட்டல் வெடித்தது.

வெளி வராந்தாவில் மாலை வெயில் இன்னும் இருந்தது. கருவி மறுபடி இயங்க அனுமதி கேட்டது. இலக்கியா அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். செழியனும் கழற்றினான்.

"உன் குரல் மாறியிருக்கு," என்றாள்.

"உனக்கும்தான். இந்தக் குரல் நல்லா இருக்கு." கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "உன் அக்கா வீட்டுக்கு எப்போ கிளம்புற?"

"எந்த அக்கா வீட்டுக்கு?"

"கோயம்புத்தூர்தான். போயிட்டு வரேன்னு பால்கனியில சொன்னியே. வருஷா வருஷம் போறதுதானே."

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். வருஷா வருஷம் சொல்லும் வாக்கியம். அதைத்தான் அவன் கருவி அவனுக்குக் கொடுத்திருக்கிறது. பிரிவைப் பற்றி அவன் ஒரு சொல்கூடக் கேட்டிருக்கவில்லை. அந்தச் சலனமற்ற முகம் அவளை வேண்டாம் என்று சொன்ன முகம் அல்ல. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது, கண் கலங்கியது.

"அதுக்கு நீ என்ன சொன்னே?" என்று கேட்டாள், மெதுவாக.

"நானும் வரட்டுமான்னு கேட்டேன். நீ பதிலே சொல்லாம உள்ள போயிட்டே." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இந்தத் தடவை நான் வர்றதுல உனக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டு மூணு நாள் தூக்கமே வரல."

"எனக்கு அது கேட்கல. பத்திரமா போன்னு கேட்டுச்சு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெல்ல, "அப்போ நீ சொன்னது மட்டும் எனக்குச் சரியா கேட்டிருக்குமா?" என்றான். "நிஜமாவே அக்கா வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னியா?"

இருவர் காதிலும் இப்போது ஒன்றும் இல்லை. எதைச் சொன்னாலும் அது அப்படியே அவனைப் போய்ச் சேரும். அவன் கண்கள் அவள் உதடுகள்மேல் இருந்தன, சற்று முன் மேடையைப் பார்த்தது போல. எந்தப் பதிலை அவன் எதிர்பார்க்கிறான் என்று கணிக்க அவளுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

"ஆமா," என்றாள். "வேற என்ன சொல்லியிருப்பேன்?"

செழியன் மூச்சை விட்டான். அந்த இழுப்பு நன்றாகவே கேட்டது.

"அப்போ இப்பக் கேக்குறேன். நானும் வரட்டுமா?"

"வாயேன்," என்றாள் இலக்கியா.