நீல கிரீஸ்

இடது முன் சக்கரத்தின் நடுவில் இருந்த ஹப் 'லாக்' என்ற எழுத்துக்கு நேராக நின்றிருந்தது.

டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்த மாட்டு டாக்டரம்மா குனிந்தபடியே நின்றுவிட்டாள். வண்டியை வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஹப்பை அவள் ஒரே ஒரு முறைதான் தொட்டிருந்தாள், அதுவும் தம்பிக்குக் காட்டுவதற்காக. காட்டி முடித்ததும் 'ஃப்ரீ'க்குத் திருப்பியிருந்தாள். திருப்பும்போது விரல் எலும்பு வரைக்கும் ஏறிய அந்த 'டொக்' இன்னும் நினைவில் இருந்தது.

சுற்றிக்கொண்டு வலது சக்கரத்துக்குப் போனாள். அதுவும் லாக்.

புது வண்டிகளில் உள்ளே உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். இருபத்தாறு வயதான இந்த வண்டியில் அதெல்லாம் நடக்காது. ஓட்டுகிறவர் இறங்கி, முன் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, உள்ளங்கை அகலமுள்ள அந்த ஹப் வட்டைக் கையால் திருப்ப வேண்டும். பிறகு அந்தப் பக்கம் போய் இன்னொன்றையும் திருப்ப வேண்டும். இரண்டும் லாக்கில் இருந்தால் சக்கரம் உருளும்போது அதன் அச்சும், வண்டிக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கும் முன் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும். ஃப்ரீயில் இருந்தால் சக்கரம் மட்டும் உருளும், ஷாஃப்ட் தூங்கும். சேற்றில் இறங்கினால் ஒழிய அதை எழுப்ப வேண்டியதில்லை. மழைக்காலம் இன்னும் தொடங்கவில்லை.

ஆக, யாரோ இங்கே மண்டியிட்டிருக்கிறார்கள். இரண்டு முறை.

"டேய், வண்டிய எடுத்தியா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

தம்பி ஈரத் தலையோடு எட்டிப் பார்த்தான். "அந்த எருமையவா? நான் எடுத்தா அது என்னை ஓட்டும். ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல" என்றாள். வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்ததே அவன்தான்.

வண்டியை அவளுக்கு விற்றவர் ஒரு மர டிப்போக்காரர். வாங்குவதற்கு முன்னால் மெக்கானிக் அண்ணன் அரை நாள் அதன் அடியில் கிடந்தார். சின்னச் சுத்தியலால் சேஸிஸை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நல்ல இரும்பு மணி மாதிரி பேசும், உள்ளே அரித்த இரும்பு 'பொத்' என்று முனகும். கடைசியில் கறுப்பு மூஞ்சியோடு வெளியே வந்தார்.

"உங்கள விட எட்டு வயசு சின்னது டாக்டரம்மா. முட்டி வலி கூட இல்ல. தாராளமா வாங்குங்க."

அவர்தான் முன் ஷாஃப்டில் இருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, புது கிரீஸ் அடித்தார். மயில் கழுத்து நீலம். "கறுப்பு அடிச்சா எது பழசு, எது புதுசுன்னு தெரியாது. இது கண்ணுல நிக்கும். இனிமே இதுமேல எது ஒட்டினாலும் உங்க கைக்கு வந்தப்புறம் வந்ததுதான். என்னைத் திட்டக் கூடாது."

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலை தம்பியைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் காட்டினாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். கன்றுக்குட்டியின் நான்கு வயிறுகளையும் இப்படித்தான் விளக்குவாள், யாராவது கேட்க நின்றால் போதும். இரண்டு பேரும் குப்புறப் படுத்து அடியில் பார்த்தார்கள். லாக்கில் போட்டு வண்டியை அரை அடி தள்ளினாள், ஷாஃப்ட் கால் சுற்று சுற்றியது. ஃப்ரீயில் போட்டுத் தள்ளினாள், ஷாஃப்ட் கிடந்தபடி கிடந்தது.

"ஒரு பக்கம் மட்டும் லாக் போட்டா?"

"சரியா சுத்தாது. ரெண்டும் போடணும்."

"ரெண்டும் போட்டா, வண்டி நிக்கிற வரைக்கும் இது நிக்காதா?"

"நிக்காது."

"எது குறுக்க வந்தாலும்?"

"ஒன்றரை டன் வண்டிடா. எது வந்து நிறுத்தும்?" என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. நல்ல மாணவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டான்.

முதல் முறை லாக்கில் பார்த்த அன்றே இரண்டையும் ஃப்ரீக்குத் திருப்பியிருந்தாள். அதற்கு ஐந்து நாள் கழித்து மறுபடியும் ஹப் இரண்டும் லாக்கில் நின்றன. மெக்கானிக் அண்ணனிடம் போனாள்.

"தேஞ்ச ஹப் தானா திரும்புமாண்ணே?"

"ஒண்ணு திரும்பும்னு சொன்னா, சரி, கலிகாலம்னு விட்டுடலாம். ரெண்டும் பேசி வச்சு திரும்புமா? கை வேணும் டாக்டரம்மா." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷ வண்டி. எத்தனை சாவி எத்தனை பேர் பாக்கெட்ல இருக்கோ. டிப்போக்காரர் டிரைவர் எவனாவது பழைய ஞாபகத்துல எடுக்கிறானோ என்னவோ. பூட்டையே மாத்திடுவோம்."

மாற்றினார். புதுப் பூட்டோடு இரண்டு சாவிகள் வந்தன. ஒன்றை மருந்துப் பையில் போட்டாள். மற்றதைத் தம்பியிடம் கொடுத்தாள். "நீ வச்சுக்கோ. நான் தொலைச்சுடுவேன்."

அன்று இரவு முதுகு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பல நாளுக்குப் பிறகு பயமில்லாமல் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஒரு பண்ணையில் கன்று வயிற்றிலேயே செத்துக் குறுக்காகக் கிடந்தது. அவளுடைய உதவியாளர் விடுப்பில் இருந்ததால் தம்பியைக் கூட்டிப் போனாள். மிருகங்களைப் பிடிக்க அவனுக்கு நல்ல கை. அவன் கை பட்டால் எந்த மாடும் சட்டென்று அடங்கிவிடும். அது அன்பால் அடங்குவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கன்றின் முன்னங்கால்களில் சங்கிலியை மாட்டி, முனையை அவனிடம் கொடுத்தாள். இழு என்றதும் இழுத்தான். நிறுத்து என்றாள். நிறுத்தவில்லை. மாடு அலறியது. உள்ளே ஏதோ ஈரமான சுள்ளி மாதிரி முறிந்தது. "போதும்டா! விடு!" என்று அவன் தோளில் குத்தினாள். கன்றின் ஒரு கால் மட்டும் தனியாகச் சங்கிலியோடு அவன் மடியில் வந்து விழுந்தபோதுதான் நின்றான். முகமெல்லாம் ரத்தம். அதற்கு நடுவில், கணக்குப் புரிந்த பையனுடைய முகம்.

"வந்துடுச்சுக்கா" என்றான்.

வியாழக்கிழமை காலையில் ஹப் இரண்டும் லாக்கில் இருந்தன.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டையும் ஃப்ரீக்குத் திருப்பிவிட்டு, வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஆட்டுக்காரர் ஒருவர் ஊசி போடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பால் சொசைட்டில கேன் வாங்கி வைக்கும்ல, அந்தப் பொண்ணக் காணோமாம். விடியக்காலம் வீட்ட விட்டு கெளம்புச்சாம், சொசைட்டிக்கு வரலையாம். எவன்கூடயாவது போயிருக்கும்னு பேசிக்கிறாங்க. என் வெள்ளக் கிடா போன வாரம் போச்சே, அது எவன்கூடப் போச்சு?" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். இடுப்பு வரைக்கும் பின்னல். முனையில் இரண்டு மஞ்சள் மணி கோத்த ரப்பர் பேண்ட்.

மதியம் வீட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகைக்குள் விட்டாள். கொட்டகை லேசான சரிவில் கட்டியது; வண்டி நாலடி உருண்டுவிட்டாலும் ஓர் ஆள் தோள் கொடுத்துப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். தெருவைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு, கை பிரேக்கின் பிடியில் மட்டும்தான் எருமை நிற்கும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். சூடான இரும்பு ஆறும்போது எழும் டிக் டிக் ஒலி, கூரைத் தகரம் வெயிலில் நெளியும் ஒலி, அவற்றுக்கு அடியில் ஈக்களின் ரீங்காரம். டீசலும் சூடான ரப்பரும் கலந்த வழக்கமான மணத்தின் பின்னாலிருந்து இன்னொரு வாடை மெல்ல வந்தது. அவளுடைய தொழிலில் அந்த வாடைக்கு விளக்கம் தேவையில்லை.

எலி செத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சாக்கை விரித்தாள். டார்ச்சையும் மருந்துப் பையிலிருந்த நீளக் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு, மல்லாந்து, இடது பக்கமாக அடியில் நகர்ந்தாள். தலை முன் ஷாஃப்டுக்குக் கீழே வந்தது.

ஈக்கள் முகத்தில் மோதின.

ஷாஃப்ட் இரண்டாக மடங்கும் மூட்டில் ஏதோ பந்தாகச் சுற்றிக் கிடந்தது. கத்தரிக்கோலின் முனையால் ஓரத்தைப் பிரித்தாள். அடியில் பளிச்சென்று நீலம். மயில் கழுத்து நீலம். அதற்கு மேல், பிடிவாதமாக இறுகிப்போன ஓர் அடுக்கு, குட்டையான பழுப்பு மயிர். நாய். அதற்கு மேல் வெள்ளை, கொஞ்சம் நீளம், தோலோடு. வெள்ளாடு. மரத்தின் வளையங்களைப் படிப்பது போல அவள் மனம் தானாகவே படித்துக்கொண்டு போனது. கண்ணை நிறுத்த முடியவில்லை.

மூன்று முறை லாக். மூன்று அடுக்கு.

மூன்றாவது அடுக்கு கறுப்பு. நீளம். இன்னும் ஈரம். கயிறு திரித்தது போல முறுக்கி, முறுக்கின் முடிவில் உள்ளங்கையளவு தோல், அதன் ஓரத்தில் ஒரு காது. மூட்டின் இடுக்கில் நசுங்கிய மஞ்சள் மணி ஒன்று.

வாயில் முன்கையை அழுத்திக்கொண்டாள்.

இரண்டு சாவி. ஒன்று பையில்.

செருப்புச் சத்தம்.

சமையலறைப் படி. முற்றம். கொட்டகை வாசல். அந்தச் செருப்பை அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். டார்ச்சை அணைத்தாள். செருப்புகள் இடது சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்றன.

"அக்கா? அடியிலயா இருக்க?"

"ஆமாடா." தலையைத் திருப்பாமல் சொன்னாள். "ஆயில் ஒழுகுதான்னு பாக்குறேன்."

"ஒழுகுதா?"

"இல்ல."

அவன் மண்டியிட்டான். முட்டி தெரிந்தது. பிறகு கை. பிறகு, தலைகீழாக, முகம். சின்ன வயதில் கட்டிலுக்கடியில் ஒளிந்த அவளைக் கண்டுபிடிக்கும்போது இருந்த அதே முகம்.

"கத்தரிய குடுக்கா. இருட்டுல கைய வெட்டிக்கப் போற."

கொடுக்காவிட்டால் தெரிந்துவிடும். தனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். சாதாரணமாக இரு. சாதாரணமாக. கத்தரிக்கோலின் பிடி அவன் பக்கம் இருக்கும்படி திருப்பி, கவனமாக, அவன் கையில் கொடுத்தாள்.

அவன் அதைத் தனக்குப் பின்னால் வைத்துவிட்டு, மறுபடியும் கையை உள்ளே நீட்டினான். அவள் தலையைத் தடவினான். கழுத்துக்கடியில் கிடந்த பின்னலை மெதுவாக வெளியே எடுத்தான்.

"லாக்க திருப்பி ஃப்ரீல வைக்க மறந்துடுறேன்க்கா. மூணு தடவையும். அது என் தப்புதான்."

"டேய்."

"ஆடாத. ஆடினா வலிக்கும்."

மாட்டைப் பிடிக்கும் அதே கை. தலையை ஷாஃப்டோடு சேர்த்து அழுத்தியது. பின்னல் மூட்டின் இடுக்கில் நுழைந்தது. ஒரு சுற்று. இரண்டு. முடிச்சு. அவள் கடித்தாள். பல் எலும்பில் பட்டது. வாயில் அவன் ரத்தம் வந்தது. அவன் கையை இழுக்கவே இல்லை. வேலை முடிந்த பிறகுதான் எடுத்தான்.

டொக்.

இடது ஹப்.

"டேய், அக்காடா! அக்காடா நான்!"

செருப்புகள் வண்டியின் மூக்கைச் சுற்றிப் போயின. அவசரமில்லை. அவள் பின்னலைப் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. கிரீஸ் வழுக்கியது. தோலோடு பிய்ந்து வரட்டும் என்று தலையை உதறினாள். வரவில்லை. முடி பலமானது. அவளுக்கே தெரியும். எருதைக் கட்டலாம்.

டொக்.

வலது.

கதவு திறந்து மூடியது. இத்தனை நாள் இன்ஜின் சத்தம் ஏன் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. சரிவு. கை பிரேக்கை விட்டால் போதும்.

பிரேக் கம்பி தளர்ந்தது. தலைக்கு மேலே இரும்பு ஒருமுறை பெருமூச்சு விட்டது. வெளியே வெயில். யாருடைய வீட்டிலோ ரேடியோ.

நன்றாகப் பராமரித்த ஷாஃப்ட். கிறீச்சில்லை, தட்டலில்லை. நீல கிரீஸ் வெளிச்சத்தில் ஒருமுறை மின்ன, சத்தமே இல்லாமல், வழவழவென்று, அது சுற்றத் தொடங்கியது.