மூன்றரை மீட்டர் ஆழத்தில் கொழுந்து வாசம்

சேற்றில் தேயிலை வாசம் அடித்தது.

ஐவி குனிந்து இன்னொரு முறை மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. அப்போதுதான் கிள்ளிய கொழுந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் வருமே, அதே பச்சை வாசம். சோலூருக்கு மேலே, இரண்டு சோலைக்காடுகளுக்கு நடுவே கிடக்கும் சதுப்பின் மூன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து அவளுடைய துளைக்கம்பி வெட்டிக்கொண்டு வந்த கறுப்புச் சேறு அது. அதன் வயது இருபதாயிரம் வருடம். நீலகிரியில் தேயிலைக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை.

சேற்றுக்குள் ஏதோ மினுங்கியது. இடுக்கியால் எடுத்தாள்.

நகம். மனிதக் கட்டைவிரல் நகம். நடுவில் நெடுக ஒரு பிளவு. பிளவுக்குள் கொழுந்துக் கறை.

அது நேற்று. எடுத்த குழியை அன்றே மூட வேண்டும் என்பது சேறு தோண்டுகிறவர்களின் முதல் பாடம். மழை கொட்டியதால் மூடாமல் போய்விட்டாள். வீட்டில் படுத்தபடி தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேலே கிடந்த நகம் கம்பியோடு உள்ளே போயிருக்கும். அவ்வளவுதான்.

இன்று குழிக்குள் பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிட்டாள். இனி ஓரத்திலிருந்து எதுவும் விழாது.

"நாங்க காட்ட வெட்டித் தேயில நட்டோம். நீ சேத்த நோண்டிக் காட்டத் தேடுற. நல்ல பொழப்பு புள்ள!" என்று சிரித்தாள் மருதாயி. கம்பி தூக்க வந்தவள். சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். எஸ்டேட்டை விட்ட பிறகும் சீலை நனையாமலிருக்க இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்கைக் கட்டாமல் வெளியே வரமாட்டாள்.

"சேத்துல இருக்கற பழைய மகரந்தத்தைப் பார்த்து, காடு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாதானே அக்கா திரும்ப வளர்க்க முடியும்?"

"அந்தக் காட்டுக்கு நம்ம மேல கோவம் இருக்காதா? நானா இருந்தா திரும்ப வரவே மாட்டேன். இந்தா, சூடா இருக்கையிலே குடி."

ஐவி டம்ளரை வாங்காமல், அதை நீட்டிய வலது கையையே பார்த்தாள். மருதாயியின் கட்டைவிரல் நகத்தில் நெடுக ஒரு பிளவு. பச்சைக் கறை. அதே வளைவு, அதே கோணல்.

"இது... எப்படி ஆச்சு அக்கா?"

"செடி வெட்டுற கவாத்துக் கத்தி பட்டது. இருவது வருசமாச்சு. ஏன், மருதாணி வச்சு விடப் போறியா?"

ஐவியின் பையில், சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் அந்த நகம் இருந்தது. மருதாயியின் விரலிலும் இருந்தது.

இவளை இங்கே வைத்திருக்கக் கூடாது. அது மட்டும் ஐவிக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அக்கா, நீங்க உடனே ஜீப்புக்குப் போங்க. நான் குழாயை உருவிட்டு வந்துடறேன்."

"மிஸ்ட் எறங்குது. தனியாவா?"

"போங்கன்னா போங்க!"

"சரி, கத்தாத. நான் கூவல் குடுப்பேன். நீ பதில் குடுக்கணும். கொழுந்துக் காட்டுல அதான் சட்டம். பதில் வரலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம்."

சிரித்துக்கொண்டேதான் போனாள். பத்தடியில் அவள் சீலை முக்காடு மறைந்தது. பதினைந்தடியில் காலடிச் சத்தமும் நின்றுவிட்டது.

சாயங்காலம் நாலு மணிதான். ஆனால் கற்பூர மரங்களின் யூகலிப்டஸ் தைல நெடியைச் சுமந்துகொண்டு சரிவிலிருந்து இறங்கிய மூட்டம் முதலில் சோலையைத் தின்றது, பிறகு புல்லை, பிறகு அவள் முழங்காலுக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும். ஐவி குழாயைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

"ஊஊ..."

ஜீப் பக்கமிருந்து. நல்லவேளை. "ஊஊ!" என்று பதில் கொடுத்தாள்.

மறுபடி இழுத்தாள். சேறு ஒரு முறை உறிஞ்சி, விட்டது. கொழுந்து வாசம் மூக்கை அடைத்தது.

"ஊஊ..."

இப்போது பின்னாலிருந்து, சீகை மரங்களுக்குள்ளிருந்து. அங்கே பாதை கிடையாது.

"அக்கா! அந்தப் பக்கம் போகாதீங்க!"

பதில் இல்லை. சொட்டுச் சத்தம் மட்டும். இலை. தண்ணீர். இலை.

"ஊஊ..."

காலடியில்.

ஐவி மெதுவாகக் குனிந்தாள். சத்தம் குழாய்க்குள்ளிருந்து வந்தது. வெகு ஆழத்திலிருந்து. மூச்சுத் திணறி.

"புள்ள... இருட்டா இருக்கு புள்ள... பதில் குடு..."

மருதாயியின் குரல்.

"அக்கா!" குழாய்வாயில் முகத்தை வைத்துக் கத்தினாள். "இங்கதான் இருக்கேன்! அக்கா!"

எதிரே மூட்டம் கலைந்தது. இடுப்பில் படங்கு. தலையில் அதே முக்காடு. மருதாயி நின்றிருந்தாள். படங்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்தது. அவள் கூவவில்லை. வந்து, குழாய்க்கு அந்தப் பக்கம், ஐவிக்கு நேரெதிரே மண்டியிட்டாள்.

கீழே குரல் அழுதது. "பதில் குடு புள்ள..."

எதிரே இருந்தவள் வலது கையை நீட்டினாள். உள்ளங்கையைக் குழாயின் வாய்மேல் வைத்து அழுத்தினாள். குரல் நின்றது.

ஐவியின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கட்டைவிரல். நகம் புதிதாக, வழுவழுவென்று, இளஞ்சிவப்பாக இருந்தது.

அதில் பிளவு இல்லை.