வியர்த்திருந்த தவளை

"உனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டவே குமட்டாதா?" என்று சுகாதார ஆய்வாளரிடம் அவளுடைய நாத்தனார் ஒருமுறை கேட்டாள். உணவகச் சமையலறைகளைச் சோதிப்பது ஆய்வாளரின் வேலை. எலி விழுந்த மாவு, பூசணம் பூத்த குழம்பு, பத்து நாள் எண்ணெய் என்று பகலெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறவள் அவள். "குமட்டிக்கிட்டு இருந்தா வேலையை எப்ப பாக்கறது?" என்று அன்று பதில் சொல்லியிருந்தாள்.

அந்தப் பதிலில் அவளுக்கே சந்தேகம் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். வார விடுமுறைக்காகத் தோழியோடு கடல் தாண்டி வந்து, சதுப்புநிலத்து ஓரம் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தபோது நேற்று அவர்களைச் சதுப்புக்குள் கூட்டிப்போன வழிகாட்டி வெளியே நின்றிருந்தாள். அவள் கையில் மூடி திறந்த டப்பா. உள்ளே கட்டைவிரல் அளவுத் தவளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. பச்சை உடம்புக்கு அடியில் சிவந்த கால்கள் சுருண்டிருந்தன.

"மேடம், நீங்க கவர்மென்ட் ஆளுன்னு உங்க ஃபிரண்டு நேத்து சொன்னாங்க. எனக்கு இப்ப வேற யாரையும் தெரியாது" என்றாள் வழிகாட்டி.

கட்டிலிலிருந்து தோழி எட்டிப் பார்த்தாள். துணிக்கடை வைத்திருப்பவள். வாயை மூடவே தெரியாது என்பதால் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குக் குருவி என்று பேர்.

"அய்யய்யோ, பவளக்கால் தவளை! இதைப் பாக்கத்தானேடி டிக்கெட் போட்டு வந்தோம்!"

"சத்தம் போடாத. உள்ள வாம்மா, உட்காரு. என்ன நடந்துச்சு?"

வழிகாட்டி உட்காரவில்லை. விடுதிக்காரர் அவளுடைய அக்காவின் கணவர். அக்கா விடுதியில் சமைக்கிறாள். இவள் வனத்துறையில் அனுமதி வாங்கி, விருந்தினர்களைச் சதுப்புநிலத்துக்குள் கூட்டிப் போகிறாள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத இந்தத் தவளைகள் சில வாரங்களாகக் குறைந்துகொண்டே வந்தன. முட்டையிடும் காலம் முடியும்வரை பாதையை மூட வேண்டும் என்று அவள் வனத்துறைக்குப் புகார் எழுதியிருந்தாள். அதிகாரி இன்று மதியம் விசாரிக்க வருகிறார்.

"காலைல பையை எடுத்தேன் மேடம். அடியெல்லாம் ஒரே ஈரம். மாமா எங்கிருந்தோ வந்து, 'திற, என்ன இருக்கு பாப்போம்'னாரு. திறந்தா இது. 'திருடி வித்தது நீயே, புகார் குடுத்ததும் நீயே'ன்னு கத்தறாரு. அதிகாரிகிட்ட அவரே என்னைப் பிடிச்சுக் குடுக்கப் போறாராம். அனுமதி போனாக்கூடப் பரவாயில்ல மேடம். இதுக்கு ஜெயில்."

"பையை ராத்திரி எங்க வச்ச?"

"கூடத்துல, ஆணில மாட்டியிருந்தேன். உள்ள என் மாத்துத் துணி இருந்துச்சு. அது இப்ப நாற்காலி மேல மடிச்சு வச்சிருக்கு. நான் வைக்கல."

"நல்லா மடிச்சா, சும்மா சுருட்டியா?"

"நல்லா மடிச்சு. ஏன் மேடம்?"

ஆய்வாளர் டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள். ஒரு கரண்டிக் காம்பால் தவளைகளை மெல்லப் புரட்டினாள். மேலே கிடந்தவை சொதசொதவென்று இருந்தன. அடியில் இருந்தவை ஒட்டிக்கொண்டு கல்போல அசையாமல் கிடந்தன. நடுவில் வெள்ளையாய் ஒரு துண்டு ஐஸ். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள். பல வருடங்களுக்குப் பிறகு தொண்டையில் ஏதோ புரண்டது.

நேற்று மாலை இங்கே வந்து இறங்கியதிலிருந்து நடந்ததை மனதில் ஓட்டிப் பார்த்தாள்.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரெல்லாம் பெரிய பெரிய தவளைப் படங்கள். எல்லாம் ஒரே ஆள் எடுத்தவை. அந்தப் புகைப்படக்காரரும் அதே விடுதியில்தான் தங்கியிருந்தார். ஒவ்வொரு பருவத்துக்கும் வருகிறவர். அவர் படங்களைப் பார்த்துத்தான் விருந்தினர்களே வருகிறார்கள் என்று விடுதிக்காரர் பெருமையாகச் சொன்னார். வழிகாட்டியோடு சதுப்பில் முழங்கால் சேற்றில் நடந்தும் ஒரு தவளைகூட இவர்கள் கண்ணில் படவில்லை. மழையும் இல்லை, பனியும் இல்லை. திரும்பி வந்தால், மத்தியானம் எடுத்ததாகச் சொல்லிப் புகைப்படக்காரர் கையோடு அச்சடித்த ஒரு படத்தை நீட்டினார். இலைமேல் உட்கார்ந்த பவளக்கால் தவளை. உடம்பெல்லாம் மணிமணியாய் நீர்த்துளி.

"நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கு சார்!" என்று குருவி கைதட்டினாள்.

"பொறுமை வேணும்மா. நான் காத்திருப்பேன். அதுவா வந்து உட்காரும்" என்றார் அவர்.

கூடத்தின் மூலையில் விருந்தினர்களுக்கென ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. குருவி தண்ணீர் குடித்துப் பார்த்து, "இது ஃபிரிட்ஜா, பீரோவா? வெந்நீர் மாதிரி இருக்கு" என்று குளிரைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினாள். ஆய்வாளர் பழக்கதோஷத்தில் குனிந்து உள்ளே பார்த்தாள். கீழே காய்கறி வைக்கும் அறையில் 'என் மருந்து, தொட வேண்டாம்' என்று புகைப்படக்காரர் சீட்டு ஒட்டியிருந்தார். "இங்க வந்துமா ரெய்டு?" என்று குருவி அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆய்வாளர் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "குருவி, டீ குடிச்சியா?"

"காலைலயே குடிச்சேன். அந்தம்மா போட்டுக் குடுத்தாங்க. உன் பாட்டில்ல வேற தண்ணியெல்லாம் ஐஸ் கட்டி. நான் கூட்டி வச்சேன்ல!"

"சரி. எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிடு."

"கண்டுபிடிச்சிட்டியா? மாமாதானே? அந்த மீசையைப் பாத்தப்பவே நெனச்சேன்!"

"போய்க் கூப்பிடு."

கூடத்துக்குப் போனதும் ஆய்வாளர் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்தாள். சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது. கீழறை காலியாக, சோப்பு போட்டுத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சோப்பு வாசனைக்கு அடியில் குளத்து நாற்றம்.

நால்வரும் வந்தார்கள். விடுதிக்காரர் கைகட்டி நின்றார். அவர் மனைவி சமையலறை வாசலில். புகைப்படக்காரர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வழிகாட்டி சுவரோரம் ஒதுங்கினாள்.

"இது எங்க குடும்ப விஷயம் மேடம். நீங்க சுத்திப் பாக்க வந்தவங்க" என்றார் விடுதிக்காரர்.

"சுத்திப் பாத்தேன். அதான் சொல்றேன். சார், உங்களுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

புகைப்படக்காரர் நிமிர்ந்தார். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"உங்க மருந்து கீழறைல இருந்துச்சு. ராத்திரி எங்க பாட்டில் தண்ணியே ஐஸ் ஆயிடுச்சு. மருந்து கெட்டுப் போயிருக்கும். காலைலருந்து ஒரு வார்த்தை கேக்கலயே நீங்க? வேற மருந்து வேணும்னுகூடச் சொல்லல."

வெண்ணெய்க் கத்தி தட்டின்மேல் நின்றது.

"ஏன்னா உள்ள இருந்தது மருந்து இல்ல. நேத்து நீங்க காட்டின படத்தைக் கொஞ்சம் எடுங்க. தவளை உடம்பெல்லாம் துளி. அது உட்கார்ந்திருக்கற இலையப் பாருங்க. தூசி தெரியுது, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இலைய விட்டுட்டுத் தவளை மேல மட்டும் பனி விழுமா? ஃபிரிட்ஜ்லருந்து எடுத்த பாட்டிலை மேஜைல வச்சா எப்படி வேர்க்கும்? அப்படி வேர்த்திருக்கு. சுவத்துல இருக்கற எல்லாப் படத்துலயும் அதே வேர்வைதான்."

குருவி ஒவ்வொரு படமாக ஓடி ஓடிப் பார்த்தாள். "ஆமாடி! எல்லாம் காஞ்ச இலை!"

"குளிர்ல வச்சா அதுங்களால அசைய முடியாது. எடுத்து வச்சா வச்ச எடத்துல உட்காரும். ஓடாது, தாவாது. சாருக்குப் பொறுமையே வேண்டியதில்ல."

புகைப்படக்காரர் கோபப்படவில்லை. வெட்கப்படவுமில்லை. ரொட்டியை ஒரு கடி கடித்து மென்றார்.

"இதுல என்ன இருக்கு? எங்க தொழில்ல நெறைய பேர் பண்றதுதான். கொஞ்ச நேரம் வச்சு எடுத்தா ஒண்ணும் ஆகாது. படம் எடுத்ததும் திரும்ப விட்டுடுவேன். சிலது தாங்காது, அதுக்கு நான் என்ன பண்ண? நேத்து எந்த முட்டாளோ திருகைக் கடைசி வரைக்கும் திருப்பியிருக்கு. அதான் மொத்தமும் போச்சு."

குருவியின் முகம் வெளுத்தது. "அப்ப… நான்தான் கொன்னேனா?"

"நீ தண்ணி குளிரணும்னு திருகின. உசுரோட இருக்கறதை உள்ள வச்சது அவர்" என்றாள் ஆய்வாளர்.

"அந்த ஃபிரிட்ஜ்லதானே பாலும் இருந்துச்சு… நான் டீ குடிச்சேனே…" குருவி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வெளியே அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

விடுதிக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப சார்தான் டப்பாவை இவ பையில போட்டிருக்காரு. எனக்கு எதுவும் தெரியாது."

"சார் போடல. மொத்தமும் போச்சுன்னு சொன்னாரே, அது அவருக்கு எப்பத் தெரிஞ்சது? சொல்லுங்க சார்."

"விடியக்காலைல இவர் வந்து சொன்னப்பதான். நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்கன்னாரு" என்றார் புகைப்படக்காரர், விடுதிக்காரரைக் கைகாட்டி. கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

விடுதிக்காரர் மேஜைமேல் அறைந்தார். "ஆமா, சொன்னேன்! என்னவாம்? பாதையை மூடிட்டா யாரு வருவா இங்க? இவரும் வரமாட்டாரு, ஒரு ஈ காக்கா வராது. அப்புறம் பொழைக்க நான் சதுப்பைத் தூர்த்து வீடு கட்டி விக்கவா? அதிகாரிக்கு ஒரு திருடன் வேணும். இவ மாட்டிக்கிட்டா இவ குடுத்த புகாரும் செல்லாது. தெரிஞ்ச பொண்ணு, திட்டிட்டு விட்ருவாங்க."

"ஜெயில்னு காலைல நீங்கதானே மாமா சொன்னீங்க?" என்றாள் வழிகாட்டி மெதுவாக. "பையில போட்டதும் நீங்கதானா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆய்வாளர் குறுக்கிட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இல்லம்மா. குளிர் டப்பாவைத் துணி மேல வச்சா துணி ஈரமாகும். இவரோ சாரோ போட்டிருந்தா அப்படியே திணிச்சிருப்பாங்க. உன் துணி நனையக் கூடாதுன்னு எடுத்து, நல்லா மடிச்சு, நாற்காலில வச்சுட்டுப் போட்டிருக்காங்க. உன்னை ஜெயிலுக்கு அனுப்பற நேரத்துலயும் உனக்குச் சளி பிடிச்சுடக் கூடாதுன்னு நெனைக்கற ஆளு இந்த வீட்டுல எத்தனை பேரு?"

எல்லோர் பார்வையும் சமையலறை வாசலுக்குப் போயிற்று.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் போன பின்னும் துடைத்தாள்.

"பால் எடுக்கப் போனேன்டி. கீழறை மேலெல்லாம் ஐஸ் படிஞ்சிருந்துச்சு. திறந்து பாத்துட்டு இவர்கிட்டதான் சொன்னேன். அவ பையில போடு, நான் பாத்துக்கறேன்னாரு. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னாரு. நம்ம வீடுடி இது. நீயும் இதுலதானே சாப்பிடற…"

ஆய்வாளருக்கு மறுபடியும் தொண்டை புரண்டது. பூசணத்துக்கும் எலிக்கும் அவளிடம் சோப்பும் கையுறையும் உண்டு. இதற்கு அவளிடம் எதுவும் இல்லை. படத்தைப் புகைப்படக்காரரிடம் திருப்பித் தராமல் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடினாள்.

"அதிகாரி வந்ததும் இதெல்லாம் நானே சொல்றேன். நீங்க யாரும் ஃபிரிட்ஜைத் தொட வேண்டாம்."

வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்த குருவி, முதல்முறையாக ஒன்றும் பேசாமல் வழிவிட்டு ஒதுங்கினாள். வழிகாட்டி வெளியே வந்து படியில் உட்கார்ந்து சேற்றுக் காலணிகளை மாட்டினாள். பின்னாலேயே அக்கா வந்து நின்றாள்.

"எங்கடி போற? ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போடி. என்னைத் திட்டு. நாலு அடி அடி. ஏதாவது சொல்லுடி…"

வழிகாட்டி எழுந்தாள். அக்கா பிடித்திருந்த தன் கையை விடுவித்துக்கொண்டு, வெளிக்கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் சாலையில் இறங்கி நடந்தாள்.