எடுத்துக்கொடுத்த குரல்

அந்தோணிராஜுக்கு வேலப்பன்சாவடி ஞாபகம் வராமல் போன அன்றுதான், உள்ளறையிலிருந்து முதன்முதலாக அந்தக் குரல் வந்தது.

முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். மறதி எட்டிப் பார்க்கிறது, மூளைக்குத் தினமும் வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, மாலை ஐந்து மணிக்கு ஐயப்பன்தாங்கல் வீட்டின் முன்னறையில் ஒயர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டெப்போவிலிருந்து டீசல் வாடையும் பஸ்களின் உறுமலும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, பழைய ரூட்டின் நிறுத்தங்களை ஒப்பிப்பார். பஸ் நிற்க 'ஹோல்டான்', கிளம்ப 'ரைட்', எல்லாம் உண்டு.

"பூந்தமல்லி, கரையான்சாவடி, குமணன்சாவடி..." அதற்கு மேல் நாக்கு எழவில்லை.

"வேலப்பன்சாவடி," என்றது உள்ளறை.

மனைவி ஹில்டா இறந்த பிறகு அங்கே யாரும் இல்லை. ஆனாலும் நிறுத்தத்தின் பெயர் காதில் விழுந்தால் கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா? "ரைட்," என்றுவிட்டார்.

மறுநாள் அந்தப் பெயர் அவரிடம் இல்லவே இல்லை. அடுத்து வானகரம் போனது. மதுரவாயல் போனது. பிறகு ஹில்டா வைக்கும் மீன்குழம்பின் ருசி, கல்யாணம் நடந்த மாதா கோயில். ஒவ்வொன்றையும் குரல் எடுத்துக்கொடுத்தது, அவர் 'ரைட்' சொன்னார், அது போயிற்று. குரல் மட்டும் நாளுக்கு நாள் கரகரத்து, அவருடைய குரலாகவே ஆகிவந்தது. பயந்துபோய் ஆவடியில் இருக்கும் மகளுக்கு போன் செய்தார்.

"ஊட்ல தனியா கீறல்ல, அதான் அப்டி தோணுது. ஞாயித்துக்கெழம வர்றேம்பா," என்றாள் ஜெனிஷா.

இவள் பெயரை மட்டும் விடக் கூடாது. குளிக்கும்போதும் சோறு பிசையும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து அவள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். அவர் ஆசையாக வாயைத் திறந்தார்.

பெயர் வரவில்லை.

"ஜெனிஷா, வாம்மா," என்றது உள்ளறை.

அவர் வாய் தானாக அசைந்தது. "ரைட்."

காலி நாற்காலியில் வைப்பதுபோல் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு, அவள் குரல் வந்த உள்ளறைக்குப் போனாள்.

"இன்னாப்பா, இன்னிக்கு செம தெளிவா கீற. ஸ்டாப்பிங்லாம் சொல்லு பாப்போம்."

பூந்தமல்லியில் தொடங்கி, ஒன்று விடாமல், குரல் சொல்லிக்கொண்டு போனது. மகள் சிரித்தாள்.

நிறுத்த வேண்டும். ஓடும் பஸ்ஸை நிறுத்த ஒரு வார்த்தை உண்டு. தினமும் கத்திய வார்த்தை. தேடினார். தேடினார்.

உள்ளறையில் குரல் அவருக்காகவே சற்றுத் தாழ்ந்தது.

"ஹோல்டான்."

"ரைட்," என்றார்.

மடியிலிருந்த கைப்பை மெல்ல இறங்கி, நாற்காலி ஒயரில் உட்கார்ந்தது.